முதல் மராத்தான்: ஓடுபவரும் உடனிருக்கும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மராத்தான் ஓடலாமா என்று கேட்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். நம் ஊர்களில் 5 கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டத்துக்கும் மராத்தான் என்றே பெயர். நலமாக உள்ள பெரும்பாலோர் அதனைச் சில வாரப் பயிற்சியில் நடந்தும் ஓடியும் முடித்துவிடலாம். முழு மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர், அரை மராத்தான் அதில் சரிபாதி. முதல் முறை ஓடுபவர் முழுத் தொலைவையும் கடக்க ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அத்தனை நேரம் இடைவிடாமல் உழைக்கும்போது உடலின் நீர், உப்பு, சர்க்கரை, வெப்பம் ஆகிய நான்கின் அளவும் மாறுகிறது. இப்பக்கம் முழு மராத்தானைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழு ஆண்டுகளாக நீரிழிவு உள்ள நாற்பத்தாறு வயதுடைய ஒருவர், மனைவியுடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் என்னிடம் வந்தார். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய இரு மாத்திரைகளை உட்கொண்டு வந்தார். இரண்டு அரை மராத்தான்களை ஏற்கெனவே முடித்திருந்தார். "இவர் எப்படியும் ஓடத்தான் போகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள் டாக்டர்" என்றார் மனைவி. அன்று அவருக்குக் கூறியவையும், அவர்களுடைய அனுபவத்திலிருந்து பின்னர் நான் தெரிந்துகொண்டவையும் இங்கே விளக்கப்பட்டுள்ளன.

தொடங்குவதற்கு முன் பரிசோதனை

நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, ஹீமோகுளோபின், இசிஜி ஆகியவை அடிப்படையானவை. தேவையெனில் டிரெட்மில் பரிசோதனையோ எக்கோ பரிசோதனையோ மருத்துவரால் பரிந்துரைக்கப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் ஏற்கெனவே பதிவு செய்து மருந்து பெறுபவர்கள் அங்கேயே இதைத் தொடங்கலாம்.

பரிசோதனை முடிவுகளைவிட முக்கியமானவை சில கேள்விகளுக்கான பதில்கள். மாடிப்படி ஏறும்போதோ ஓடும்போதோ நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டதுண்டா? உழைப்பின் நடுவே மயங்கி விழுந்ததுண்டா? படபடப்பு வந்ததுண்டா? இரத்த உறவினர் எவரேனும் ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா? ஓட விரும்புபவர் இக்கேள்விகளுக்கு "இல்லை" என்று விரைந்து சொல்லிவிடுகிறார். அருகில் இருக்கும் மனைவியோ தாயோதான், "போன மாதம் கடைக்குப் போய்விட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே" என்று நினைவூட்டுவார். ஆகவே, இப்பரிசோதனைக்குத் தனியே வராமல் வீட்டில் ஒருவரை உடன் அழைத்து வருவது நல்லது.

கண்ணின் விழித்திரையில் முற்றிய நீரிழிவு பாதிப்பு, பாதத்தில் ஆறாத புண், கால் மரத்துப்போதல், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு முழு மராத்தானை நான் பரிந்துரைப்பதில்லை. மாரடைப்பு ஏற்பட்டவர்களும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் இதயநோய் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியான உடற்பயிற்சியை முடித்து, அவருடைய அனுமதியைப் பெற்ற பின்னரே ஓட்டத்தைப் பற்றி எண்ண வேண்டும். நாள்தோறும் நாற்பது நிமிட நடை தரும் நன்மையைப் பெற எவரும் 42 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மராத்தான் ஒருவருடைய விருப்பம். அது சிகிச்சை அன்று.

பயிற்சிக் காலம் வீட்டையும் சேர்ந்தது

இதுவரை ஓடியே இராத ஒருவர் முழு மராத்தானுக்குத் தயாராக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. முதலில் நடை, பின்னர் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், அரை மராத்தான் எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் ஓடினால் போதும். அவற்றில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அது மெல்ல நீண்டு 30 கிலோமீட்டரை எட்டும். பெரும்பாலான ஓட்டங்கள், அருகில் வருபவருடன் முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். ஓட்ட நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்து தொலைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாலை நான்கரை மணிக்கு ஓடப் புறப்படுபவர் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு உறங்கியாக வேண்டும். இரவு உணவு, தொலைக்காட்சி, பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் அதற்கேற்ப மாறும். இது ஆறு மாதங்களுக்கு நீடிக்கும். தொடக்கத்திலேயே வீட்டில் கலந்து பேசி ஒப்புக்கொள்ளாத திட்டம் இரண்டாம் மாதத்தில் பூசலில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஓடுபவர் பெண்ணாக இருந்தால் இது இன்னும் கடினம். ஆண் ஓடச் சென்றால் திரும்பி வரும்போது சிற்றுண்டி தயாராக இருக்கிறது. பெண் ஓடச் சென்றால் திரும்பி வந்து சிற்றுண்டி தயாரிக்கிறார். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஓய்வின்றி அடுப்படியில் நிற்பது உடல் மீள்வதைத் தாமதப்படுத்தும். அவருடைய நீண்ட ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அன்றைய சமையல் வேறொருவருடையது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பெண்கள் பயிற்சிக்கு முன்பும் இடையிலும் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் முதலில் இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற வேண்டும். காரணமின்றி நேரும் மூச்சுவாங்கலையும் களைப்பையும் "பயிற்சி போதவில்லை" என்று எண்ணி மேலும் ஓடுவது தவறு.

ஓட விரும்புபவரே வீட்டில் ஒரு நோயாளியைப் பராமரிப்பவராகவும் இருக்கலாம். அவ்வாறெனில், அவர் வெளியே இருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது என்பதை எழுதி வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். மனம் வீட்டிலும் கால் சாலையிலுமாக ஓடுபவர் விழுந்து அடிபடுவார்.

காய்ச்சல், கடும் சளி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் ஓடக் கூடாது. காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையழற்சிக்கு இடமளிக்கக்கூடும். ஓட்ட நாளன்று காய்ச்சல் இருந்தால், எத்தனை மாதப் பயிற்சி வீணாயினும் தொடக்கக் கோட்டுக்குச் செல்லக் கூடாது.

மருந்துகள்

எந்த மருந்தையும் ஓட்டத்துக்காகத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நீண்ட ஓட்ட நாட்களிலும் மராத்தான் நாளிலும் எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு உட்கொள்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீரிழிவு மருந்துகளில் இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகளும் ஓட்டத்தின்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சிறுநீர் வழியே சர்க்கரையுடன் நீரையும் வெளியேற்றுவதால், ஓட்டத்துக்கு எத்தனை நாட்களுக்கு முன் அவற்றை நிறுத்துவது என்று கட்டாயம் கேட்டறிய வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் ஓட்ட நாளில் அதனைத் தொடையில் போடக் கூடாது. உழைக்கும் தசை அருகில் இருப்பதால் மருந்து விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும்.

இரத்த அழுத்த மருந்துகளில், அட்டனலால் போன்றவை இதயத் துடிப்பு உயர்வதைத் தடுக்கின்றன. சர்க்கரை தாழும்போது முன்னெச்சரிக்கையாகத் தோன்றும் படபடப்பும் இதனால் மறைந்துவிடலாம். சிறுநீர் பெருக்கிகள் நீரையும் உப்பையும் குறைக்கின்றன. எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டன் ஆகியவற்றை உட்கொள்பவர் நீர் வற்றிய நிலையில் வலி நிவாரணி மாத்திரையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். பொதுவாகவே ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை எவரும் உட்கொள்ளக் கூடாது. முழங்கால் வலிக்கிறது என்று பரிவோடு மாத்திரையை நீட்டும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளி தொடக்கக் கோட்டில் நிற்கும்போது அளவு 90 மி.கி.க்குக் குறைவாக இருந்தால், 15 முதல் 30 கிராம் மாவுச்சத்தை உண்டு, மீண்டும் பரிசோதித்த பிறகே ஓட வேண்டும். 250 மி.கி.க்கு மேல் இருந்தால், குறிப்பாக இன்சுலின் சார்ந்தவர்கள், கீட்டோன் பரிசோதனை செய்துகொள்ளாமல் ஓடக் கூடாது. ஒரு நடைமுறைக் குறிப்பு: வாழைப்பழத்தைப் பிடித்த விரலில் இரத்தம் எடுத்தால் குளுக்கோமீட்டர் பொய்யான உயர் அளவைக் காட்டும். விரலைக் கழுவித் துடைத்த பின்னரே குத்த வேண்டும்.

தண்ணீர்: குறைவும் கேடு, மிகுதியும் கேடு

"நிறையத் தண்ணீர் குடி" என்பதே ஓடுபவருக்கு எல்லோரும் தரும் அறிவுரை. மராத்தானில் இந்த அறிவுரை சில நேரம் உயிருக்கே ஆபத்தாகிறது. வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்ய வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கத் தொடங்கும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் இது அதிகமாகக் காணப்பட்டது. முதல் முறை ஓடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினரே. மெதுவாக ஓடுவதால் வியர்வை குறைவு. ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்க நேரம் அதிகம்.

ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை வீட்டில் உள்ள எடைக் கருவியே சொல்லிவிடும். நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த ஆடையுடன் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதே ஆடை அளவில் மீண்டும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் கூடுதலாக வெளியேறியிருக்கிறது. சிறிதளவு குறைவது இயல்பே. அதனை ஓட்டத்தின் நடுவிலேயே முழுவதும் ஈடுசெய்ய வேண்டியதில்லை. எடை சற்றேனும் கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். நான் முன்பு குறிப்பிட்ட மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொலைவு, முன் எடை, பின் எடை, குடித்த அளவு, சர்க்கரை அளவு ஆகியவற்றை இருபது வாரங்கள் எழுதி வந்தார். எந்த ஆய்வுக்கூட அறிக்கையைவிடவும் அந்தப் புத்தகம் எனக்கு உதவியது. பொதுவாக மணிக்கு 400 முதல் 800 மி.லி. வரை, தாகத்துக்கேற்பப் பருகுவது போதுமானது. உடல் சிறுத்தவர்களும் மெதுவாக ஓடுபவர்களும் இதன் கீழ் அளவை ஒட்டியே இருக்க வேண்டும்.

ஓஆர்எஸ் கரைசல் நல்லது. ஆனால், அதில் சர்க்கரை மிகக் குறைவு என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 200 மி.லி. டம்ளரில் 3 கிராம்கூட இல்லை. சர்க்கரை தாழ்ந்தவருக்கு அது மருந்தாகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் இழந்த உப்பை அது ஈடுசெய்யாது. சிறுநீரக நோயாளிகள் அதனைத் தவிர்க்க வேண்டும். உணவாக, ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். வாழைப்பழமோ கடைகளில் கிடைக்கும் ஜெல்லோ எதுவாயினும் பயிற்சியின்போதே பழகிப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

ஓட்ட நாள்: நிறுத்தும் உரிமை யாருக்கு?

சென்னையில் ஜனவரியில் நடைபெறும் முழு மராத்தான் விடியுமுன்பே தொடங்குகிறது. நான்கு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரத்தில் முடிப்பவரைக் கணக்கிடுங்கள். ஆறரை மணிக்குச் சூரியன் உதிக்கிறது. மூன்றரை மணி நேரம் அவர் வெயிலிலும் கடலோரப் புழுக்கத்திலும் இருக்கிறார். அதுவும் உடல் ஏற்கெனவே களைத்துவிட்ட பிற்பகுதியில். ஆகவே, குடும்பத்தினர் தொடக்கக் கோட்டில் நின்று வழியனுப்பிவிட்டு முடிவுக் கோட்டுக்குச் சென்று காத்திருப்பது போதாது. பாதையின் வரைபடத்தை முன்னரே பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் நிற்கத் திட்டமிடுங்கள். அவற்றில் ஒன்றேனும் 28 முதல் 34 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். சாலைகள் மூடப்பட்டிருக்கும்; எப்படிச் சென்று சேர்வது என்பதையும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுபவரின் எண் அட்டையின் பின்புறத்தில் பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, குடும்பத்தினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. சர்க்கரை தாழ்ந்தாலும், சோடியம் தாழ்ந்தாலும், உடல் வெப்பம் எல்லை மீறினாலும் முதலில் பாதிக்கப்படுவது மூளை. தம் நிலை சரியில்லை என்று உணர வேண்டிய உறுப்பே பழுதடைவதால், ஓடுபவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அதை அவர் உண்மையாகவே நம்புவார். எனவே, நிறுத்தும் முடிவைக் குறிப்பிட்ட ஒரு குடும்ப உறுப்பினரிடம் ஓட்டத்துக்கு முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். எந்தெந்த அறிகுறிகள் தென்பட்டால் நிறுத்துவது என்பதையும் தெளிவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும், "இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேளுங்கள். அது மனக்கணக்கு. தெளிவாக உள்ளவர் உடனே சொல்வார்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். 12, 21 கிலோமீட்டர் இடங்களில் அவர் சிரித்துக்கொண்டே கடந்து சென்றார். 21-இல் வயிறு புரட்டுகிறது என்று வாழைப்பழத்தை மறுத்தார். 30-ஆம் கிலோமீட்டரில் மகள் கேட்டபோது, "எட்டு" என்றார். மீண்டும் கேட்டதற்கு, ஒருபோதும் மகளைக் கடிந்து பேசாத அவர் எரிந்து விழுந்தார். மகள் கையைப் பிடித்து நிறுத்தி, விரலைத் துடைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு 58 மி.கி. உட்கார வைத்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தனர். பதினைந்து நிமிடம் கழித்து 74. மீண்டும் ஒரு முறை கொடுத்தபின் 110. தெளிவு வந்ததும் எழுந்து ஓட முற்பட்டார். மனைவி ஒப்பந்தத்தை நினைவூட்டினார். அவர் ஓடவில்லை, இரண்டு நாட்கள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவும் இல்லையாம்.

காரணம் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஓட்ட நாள் காலையில் கிளிமிபிரைடு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால், வாரத்துக்கு ஒரு முறை நிரப்பும் மாத்திரைப் பெட்டி வழக்கம்போலவே நிரப்பப்பட்டிருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அவர் அந்த நாளுக்குரிய அறையைத் திறந்து இருந்ததை விழுங்கிவிட்டார். இப்போது என்னிடம் வருபவர்களிடம், மருந்துக் குறிப்போடு மாத்திரைப் பெட்டியையும் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

குழப்பமோ தள்ளாட்டமோ கண்டால்

முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 70 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி. பதினைந்து நிமிடத்தில் மறு பரிசோதனை. கடலைமிட்டாய், சாக்லெட் ஆகியவற்றில் கொழுப்பு இருப்பதால் அவை தாமதமாகவே வேலை செய்யும். அவசரத்துக்கு ஏற்றவை அல்ல. நீரிழிவு நோயாளியிடம் குளுக்கோமீட்டர் கைவசம் இல்லையெனில், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சர்க்கரையைக் கொடுத்துவிடலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை சரியாக இருந்தும் குழப்பம், பொருந்தாப் பேச்சு, ஆவேசம், தள்ளாட்டம் இருந்து உடலும் கொதித்தால், ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் கடும் வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வெயிலில் முதியோருக்கு நேரும் வெப்பத் தாக்கத்தில் தோல் வறண்டிருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஓடுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே இது நேரும். ஈரத் தோலைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்கும் இந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே வாகனத்தில் ஏற்ற வேண்டும். மருத்துவக் கூடாரத்தில் பனிக்கட்டி நீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அதில் அமிழ்த்துவதே சிறந்த சிகிச்சை. இல்லாத இடத்தில் நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடைகளைத் தளர்த்தி, கிடைத்த குளிர்ந்த நீரை உடல் முழுவதும் இடைவிடாது ஊற்றி விசிறுங்கள்; பனிக்கட்டி நீரில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தைத் தணிப்பதே இலக்கு. பாராசிட்டமால் இதில் பயன் தராது.

உடல் அவ்வளவு சூடாக இல்லை, சர்க்கரையும் சரி. ஆனால், தலைவலி, வாந்தி, வயிறு உப்பல், விரலில் மோதிரம் இறுகுதல், குழப்பம் ஆகியவை உள்ளன. வழியெங்கும் நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார். இது சோடியம் தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். இவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மருத்துவக் குழுவினரிடம் அவர் எவ்வளவு குடித்தார் என்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள்; எந்தத் திரவத்தை நரம்பு வழியே ஏற்றுவது, ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவு அதைச் சார்ந்தது.

முடிவுக் கோட்டைக் கடந்து நின்றவுடன் தலைசுற்றி விழுபவர்கள் உண்டு. ஓட்டம் சட்டென நின்றதும் இரத்தம் கால்களில் தேங்குவதே பெரும்பாலும் காரணம். படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். இதனாலேயே முடித்தவுடன் நின்றுவிடாமல் சிறிது தொலைவு நடக்கச் சொல்கிறோம். ஆனால், கோட்டை எட்டுமுன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுபவரை ஒருபோதும் சாதாரண மயக்கமாகக் கருதக் கூடாது.

விழுந்தவர் அசைவின்றி, கூப்பிட்டாலும் பதிலின்றி, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் இதயத் துடிப்பு நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். இது அரிது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த மராத்தான், அரை மராத்தான் ஓட்டங்களில் பங்கேற்ற ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததாக ஓர் ஆய்வு தெரிவிக்கிறது. அவர்களுள் 42 பேர் உயிரிழந்தனர். பிழைத்தவர்களுக்கு உதவியவற்றுள் முதன்மையானது, அருகில் இருந்தவர்கள் உடனே செய்த சிபிஆர் எனப்படும் நெஞ்சழுத்த முதலுதவி. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் கோத்து, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்தும்போதே மற்றொருவர் 108-ஐ அழைத்து, ஏஇடி மின் அதிர்வுக் கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் ஆறு மாதம் ஓடிப் பழகும்போது மற்றவர்கள் ஒரு நாள் செலவிட்டு இதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஓடி முடித்த பிறகு

முதல் ஒரு மணி நேரத்தில் உப்பும் மாவுச்சத்தும் கலந்த எளிய உணவு போதும். சிறுநீர் கழிக்கும் வரை வலி நிவாரணிகளை நாட வேண்டாம். சிறுநீர் தேநீர் நிறத்திலோ பழுப்பாகவோ இருந்தாலும், பல மணி நேரம் வராமலே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. நீரிழிவு உள்ளவரின் காலணியையும் காலுறையையும் குடும்பத்தினரே கழற்றி, பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலில் ஏற்பட்ட கொப்புளத்தை அவர் உணர்ந்திருக்க மாட்டார்.

தீர்ந்துபோன சேமிப்பை ஈடுசெய்யத் தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருப்பதால், அடுத்த 24 மணி நேரம் வரை, குறிப்பாக இரவில், சர்க்கரை தாழக்கூடும். இன்சுலினோ மேலே கூறிய மாத்திரைகளோ எடுப்பவர்களின் இரவு மருந்தளவை மருத்துவர் முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஐயமிருந்தால் 104 உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். படுக்குமுன் ஒரு முறையும், அதிகாலை இரண்டு மணி அளவில் ஒரு முறையும் சர்க்கரையைப் பாருங்கள். அவர் அசதியில் எழ மாட்டார். அலாரத்தை வீட்டில் வேறொருவரின் தொலைபேசியில் வையுங்கள்.